சீட் எவ்வளவு உயரம்?

மூன்றாம் தேதி, கடையிலிருந்து

அன்பு மருமகள் வாண்டுக்கு,

மாமா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், என் இடது காதைத் தவிர. அது வழக்கம்போல விடுமுறையில் இருக்கிறது. உன் சௌக்கியத்துக்கும், நீ ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற அத்தனை பேருடைய சௌக்கியத்துக்கும் எழுதவும்.

உன் கடிதம் வந்தது. தபால்காரர் கொடுக்கும்போதே, "இந்தக் காலத்துல கடுதாசி எழுதுற ஆளுங்க நீங்க ரெண்டு பேருதான்" என்றார். பெரிய மனிதர்கள் எழுத்தில்தான் பேசுவார்கள் என்று சொல்லி அனுப்பினேன். உண்மைக் காரணம் உனக்குத் தெரியும். போனை மறந்துபோய் இடது காதில் வைத்துவிடுகிறேன். நீ கால்மணி நேரம் கதை சொல்லி முடித்தபிறகு "யாரு பேசுறது?" என்று கேட்டால் உனக்குக் கோபம் வருகிறது. தவிர, வீட்டில் நின்று போன் பேசினால் அடுத்த வீட்டில் உன் அம்மா காதில் விழும். அவளுக்கு இரண்டு காதும் நன்றாக வேலை செய்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு ஆறு மணிக்கு ஷிப்ட், முதல் பஸ் ஆறே காலுக்கு. மேற்பார்வையாளர் அம்மாள் தினமும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் உன்னைப் பார்க்கிறார், வேலையை நிரந்தரம் பண்ணுகிற பேச்சையே எடுக்கமாட்டேன் என்கிறார். ஆகவே மோட்டார் சைக்கிள் வாங்குவது என்று முடிவு கட்டிவிட்டாய். பத்து மாதம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தது எண்பதாயிரம். இரண்டு பழைய வண்டி பார்த்து வைத்திருக்கிறாய். ஒன்று, கணக்கு டீச்சர் ஓட்டிய சாம்பல் நிறச் சின்ன வண்டி, நூற்றுப் பத்து சி.சி., ஐம்பத்தெட்டாயிரம். இன்னொன்று, ஜிம் மாஸ்டர் விற்கிற சிவப்பு வண்டி, இருநூற்று இருபது சி.சி., எழுபத்தெட்டாயிரம். எதை வாங்கட்டும், ஹெல்மெட், கையுறை, ஜாக்கெட் எல்லாம் இப்போதே வேண்டுமா, சம்பளம் கூடியபிறகு பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறாய்.

சரியான ஆளிடம் கேட்டாய். உலகத்தில் வண்டி ஓட்டுகிறவன் ஆயிரம் பேர், வண்டியைப் புரிந்தவன் ஒருவன். இருபத்து மூன்று வருஷமாக வண்டி சீட் தைக்கிறேன். இதுவரை நாலாயிரம் சீட். பக்கத்துக் கடை மெக்கானிக் எட்டிப் பார்த்து இரண்டாயிரம் என்று எழுதச் சொல்கிறான். அவனுக்கு நட்டு எண்ணத்தான் தெரியும்.

வண்டி பார்க்கப் போகும்போது எல்லோரும் மீட்டரைப் பார்ப்பார்கள். நீ சீட்டைப் பார். பத்தாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது என்பான், சீட்டில் கை வைத்து அழுத்தினால் நடுவில் பள்ளம் விழுந்து கை இரும்பைத் தொடும். அது ஐம்பதாயிரம் ஓடின பஞ்சு. மேலே உறை மட்டும் பளபளவென்று புதிதாக இருந்தால் இன்னும் மோசம். கிழவனுக்குப் புதுச்சட்டை போட்டு நிற்க வைத்திருக்கிறான் என்று அர்த்தம். அந்தச் சட்டை தைக்கிறவனே நான்தான், எனக்குத் தெரியாதா.

சி.சி. என்பது வண்டி உடம்பில் ஓடுகிற ரத்தம். ரத்தத்தைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சோகை பிடித்த வண்டியை வாங்கி என்ன பண்ணப் போகிறாய்? நம் குடும்பத்து ரத்தத்துக்கு இருநூற்று இருபதே குறைச்சல். உன் மாமா இருபது வயதில் ரயிலோடு பந்தயம் விட்டவன். கேட் மூடுவதற்கு முன்னால் தண்டவாளத்தைத் தாண்டினேன், ஒரே ஒரு பெட்டி வித்தியாசத்தில் ஜெயித்தேன். ரயில் ஓட்டுகிறவர் தலையை வெளியே நீட்டிக் கும்பிட்டார். "போன மாசம் ரெண்டு பெட்டின்னீங்களே அண்ணே" என்கிறான் மெக்கானிக். பெட்டி கூடிக் குறைவது ரயில்வே பாடு, என்னை ஏன் கேட்கிறான்.

பத்தொன்பது கொண்டை ஊசி வளைவு, ஒரு வளைவில்கூடக் கால் தரையைத் தொட்டதில்லை. ஒன்பதாவது வளைவில் பாறை என் மேல் வந்து மோதி உண்டானதுதான் இந்தத் தாடைத் தழும்பு. பாறையைப் போய்ப் பார், அதற்கும் தழும்பு இருக்கும். காது கேட்காமல் போனது வேகத்தில் காற்று உள்ளே புகுந்து. இத்தனையும் தலையில் ஒரு சட்டிகூட இல்லாமல். காற்றே முடியைச் சீவிவிட்டது, சீப்புச் செலவு மிச்சம்.

ஆகவே என் தீர்ப்பு சிவப்பு. ஹெல்மெட்டுக்குப் பெரிதாகச் செலவு பண்ணாதே. போலீசுக்குக் காட்ட ஒன்று போதும். மற்றதெல்லாம் நிரந்தரமானபிறகு.

உன் அம்மாவிடம் இப்போதைக்கு மூச்சு விடாதே. அவளுக்கு வண்டி என்றாலே ஆகாது. தெருவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் கையில் இருக்கிற வேலை அப்படியே நின்றுவிடும். அது முனை திரும்புகிற வரைக்கும் அசையமாட்டாள். அவ்வளவு பயம். நேற்றுகூடத் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள், ஒரு வண்டி போனதும், "செயின் தொங்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பயந்த மனுஷிக்கு எல்லாச் சத்தமும் கோளாறாகத்தான் கேட்கும்.

தைரியமாக இரு. மாமாவின் மருமகள் என்பதை ஊருக்குக் காட்டு.

உன் வீர மாமா


பன்னிரண்டாம் தேதி, அவசரம்

அன்பு வாண்டுக்கு,

உன் பதில் கிடைத்தது. கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்ததால் மெக்கானிக்கைப் படிக்கச் சொன்னேன். அதுதான் தப்பு. அவன் படித்துவிட்டு ஸ்பேனரைக் கீழே வைத்தான். கையில் ஸ்பேனர் இல்லாமல் அவனை நான் பார்த்ததே இல்லை.

சிவப்பு வண்டிக்கு வாய்வார்த்தை கொடுத்துவிட்டாய். வருகிற பதினெட்டாம் தேதி சனிக்கிழமை பணம் கட்டி எடுக்கப் போகிறாய். சைலன்சர் சத்தம் மார்புக்குள் கேட்கிறது என்று எழுதியிருக்கிறாய். மீதி இரண்டாயிரத்தில் ஆயிரத்து ஐந்நூறு பெயர் மாற்றப் போய்விடும், ஐந்நூறுக்கு மேம்பாலத்துக்குக் கீழே துணி விரித்து விற்கிறவரிடம் ஒரு ஹெல்மெட் பார்த்தாய், தொப்பி மாதிரி லேசாக இருக்கிறது, காது மூடாது, அதனால் காற்று நன்றாக வரும். கடைசியில் இப்படி எழுதியிருக்கிறாய்: "மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும். நீங்க அதுகூட இல்லாம போனவருதானே."

மெக்கானிக் அந்த வரியை இரண்டு தடவை படித்தான். இரண்டாவது தடவை என் வலது காதுப் பக்கம் வந்து நின்று படித்தான்.

"அண்ணே, இங்க உக்காந்து நீங்க விடுற கதைய நான் டீக்கு பிஸ்கட் மாதிரி தொட்டுக்குவேன். அந்தப் பொண்ணு அதை நம்பி ரோட்டுல எறங்கப் போகுது" என்றான். அப்புறம் அன்றைக்கு முழுவதும் என்னோடு பேசவில்லை. டீ வந்தபோதுகூடத் தன் கிளாசை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

நான் யோசித்துப் பார்த்தேன். சிவப்பு வேண்டாம். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்கச் சிவப்பையே பார்க்கிறவளுக்கு வெளியிலும் சிவப்பா? கண்ணுக்குக் கெடுதல், ஒரு டாக்டரே என்னிடம் சொல்லியிருக்கிறார். பெரிய டாக்டர். தவிர அந்த ஜிம் மாஸ்டர் கனமான ஆள் என்பதால் சீட் பஞ்சு செத்திருக்கும். தவிர நேற்று ஒரு கனவு கண்டேன், அதில் சாம்பல் நிற வண்டி ஒன்று தானாகவே உன் வாசலுக்கு வந்து நின்றது.

இதையெல்லாம் படித்துவிட்டு நீ சிரிப்பாய் என்று தெரிகிறது. இன்னும் இரண்டு காரணம் எழுதி அடித்துவிட்டேன்.

ஒரு ஜாக்கெட் தைக்க ஆரம்பித்திருக்கிறேன். தடித்த கறுப்பு ரெக்சின், முழங்கையிலும் தோளிலும் சீட்டுக்கு வைக்கிற கெட்டிப் பஞ்சு. மெக்கானிக் கோபத்தையும் மறந்து ஒரு நிமிஷம் தொட்டுப் பார்த்துவிட்டு, "போட்டுக்கவும் செய்யலாம், விரிச்சு உக்காரவும் செய்யலாம்" என்றான். அவன் பேசினானே என்று சந்தோஷமாக இருந்தது.

வாண்டு, சனிக்கிழமைக்கு முன்னால் என்னிடமிருந்து இன்னொரு கடிதம் வரும். அது வரும்வரை பணத்தைக் கட்டாதே. மெக்கானிக் போனிலிருந்து இதையே ஒரு வரியாக உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அவன், "கட்டாதே. மாமா சொன்னது பொய்" என்று அனுப்பிவிட்டான். அதைப் படித்துப் பதறாதே. முழுப் பொய் இல்லை. எது பொய் என்பதை எழுதுகிறேன். அதற்கு முன்னால் நான் ஓர் ஆளிடம் அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது.

உன் மாமா


பதின்மூன்றாம் தேதி, உன் அம்மா வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து

அன்பு மருமகள் வாண்டுக்கு,

இந்தக் கடிதம் கூரியரில் வருகிறது. கையெழுத்து ஒழுங்காக இருப்பதைப் பார்த்து வேறு யாரோ எழுதியது என்று நினைக்காதே. எதிரில் ஒருத்தி உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். போனிலேயே சொல்லிவிடலாம் என்றேன். அக்கா போனை எடுத்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, திரும்ப வைத்துவிட்டாள். "நீ ஆரம்பிச்சது. நீயே கைப்பட எழுதி முடி" என்றாள். அதுவும் சரிதான். பேச ஆரம்பித்தால் எனக்குப் பொய் தானாக வந்துவிடும். எழுதினால் கை மெதுவாகப் போகிறது, பொய்க்குப் பொறுமை போதவில்லை.

சொல்லிவிடுகிறேன். நான் மோட்டார் சைக்கிள் ஓட்டியதே இல்லை. எனக்கு ஓட்டத் தெரியாது. இத்தனை வருஷத்தில் கடைக்கு வருகிற வண்டியை ஒருநாளாவது நான் ஓட்டி நீ பார்த்திருக்கிறாயா? தள்ளிக்கொண்டுதானே போவேன். தைத்த சீட் சூடாக இருக்கும், உடனே உட்காரக்கூடாது என்று உன்னிடம் சொல்வேன். அதுவும் பொய்தான்.

ஓட்டியது உன் அம்மா.

எங்கள் அப்பா பேக்கரியிலிருந்து கடைகளுக்கு ரொட்டி கொண்டுபோய்ப் போடுகிறவர். அவருக்கு முதுகு போனபிறகு அந்த வேலையை அக்கா எடுத்துக்கொண்டாள். அவளுக்கு இருபத்து இரண்டு வயது. நாலு வருஷம், ஒருநாள் விடாமல், மழையிலும் அப்பாவின் வண்டியை ஓட்டினாள். பின்னால் நான். ரொட்டித் தட்டுகள் சரியாமல் பிடித்துக்கொள்வதற்காக நான் பின்பக்கம் பார்த்து உட்காருவேன். அந்தப் பத்தொன்பது வளைவும் நிஜம். ஆனால் ஒரு வளைவைக்கூட நான் முன்னால் பார்த்ததில்லை, எல்லாவற்றையும் முடிந்தபிறகுதான் பார்த்தேன். ரயிலும் நிஜம். கேட் மூடிவிட்டால் ரொட்டி ஆறிவிடும் என்று அக்கா முறுக்கினாள். ரயில் ஓட்டுகிறவரின் முகம் எனக்கு அவ்வளவு நன்றாக ஞாபகம் இருப்பதற்குக் காரணம், நான் அவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்ததுதான். அவர் கும்பிடவில்லை, கையை ஓங்கித் திட்டினார். எத்தனை பெட்டி வித்தியாசம் என்று இப்போது அக்காவைக் கேட்டேன். "பெட்டியா? ரயில் அரை மைல் தள்ளி வந்துட்டிருந்துச்சு" என்கிறாள். எனக்குப் பக்கத்தில்தான் தெரிந்தது. அவ்வளவு தூரம் இல்லை என்று இன்னமும் நினைக்கிறேன், ஆனால் எழுத விடமாட்டேன் என்கிறாள்.

இனி காது விஷயம். இதை எழுதுவதற்கு முன்னால் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அக்கா சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவைத்து, இரண்டு ஹெல்மெட் வாங்கிவா என்று என்னிடம் பணம் கொடுத்து அனுப்பினாள். அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. கடையில் மூன்று குழல் வைத்த ஹார்ன் ஒன்று தொங்கியது. அமுக்கினால் கல்யாண பேண்டு மாதிரி வாசிக்கும். நான் ஒரு ஹெல்மெட்டும் ஒரு ஹார்னும் வாங்கிக்கொண்டு வந்தேன். அக்கா திட்டினாள், உடனே போய் மாற்றிக்கொண்டு வா என்றாள். முன்னால் இருப்பவருக்குத்தான் ஹெல்மெட், பின்னால் பார்த்து உட்காருகிறவனுக்கு எதற்கு, நான்தான் போன பாதையையே பார்க்கிறேனே என்று வாய் பேசினேன். அடுத்த வாரம் மாற்றலாம் என்று விட்டுவிட்டோம். ஐந்து நாள் ஹார்ன் அடித்துக்கொண்டு போனோம். அந்த ஐந்து நாளும் எனக்கு ராஜா மாதிரி இருந்தது.

ஆறாவது நாள் மாவு மில் திருப்பத்தில் விழுந்தோம். மலை இல்லை, பாறை இல்லை, வேகமும் இல்லை. ஆள் நடக்கிற வேகம். தரையில் ஈர மணல், சக்கரம் மெல்ல வழுக்கியது, அவ்வளவுதான். அக்காவின் ஹெல்மெட்டில் ஒரு நீளக் கீறல், முழங்கையில் சிராய்ப்பு, எழுந்துவிட்டாள். என் தலை நடைபாதைக் கல்லில் பட்டது. இடது பக்கம். பதினொரு நாள் ஆஸ்பத்திரி. தாடைத் தழும்பு போட்டது அந்தக் கல்தான். காதை எடுத்துக்கொண்டதும் அதுதான்.

கண் விழித்தபோது அப்பா நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு யார் ஓட்டியது என்று கேட்டார், அக்காவிடம் கெஞ்சி நான் ஹேண்டிலைப் பிடித்துவிட்டேனோ என்று அவருக்குச் சந்தேகம். அவர் கேட்ட விதத்தில் அக்கா இனிமேல் வண்டியைத் தொட முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவள் வாயைத் திறப்பதற்குள் நான்தான் ஓட்டினேன் என்று சொல்லிவிட்டேன். வாண்டு, என் வாழ்க்கையில் யோசிக்காமல் சொன்ன பொய் அது ஒன்றுதான். மற்றதெல்லாம் நன்றாக யோசித்துச் சொன்னவை.

அக்கா மூன்று தடவை அப்பாவிடம் உண்மையைச் சொன்னாள். தம்பியைக் காப்பாற்றப் பார்க்கிறாள் என்று அவர் நம்பவே இல்லை. வண்டியை விற்றுவிட்டார். அவளுக்காக நான் சொன்ன பொய் அவளுக்கு உதவவே இல்லை. ஆனால் எனக்கு உதவியது. கட்டிலைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் எப்படி ஓட்டினாய், எப்படி விழுந்தாய் என்று கேட்டார்கள். இரண்டாவது நாள் நடைபாதைக் கல் பாறை ஆனது. நாலாவது நாள் மாவு மில் மலை ஆனது. வீட்டுக்குத் திரும்பும்போது அக்காவின் நாலு வருஷமும் என் கணக்கில் வந்து சேர்ந்துவிட்டது. அவள் ஒருநாள்கூட மறுத்துப் பேசவில்லை. நான் கதை சொல்லும்போதெல்லாம் நீ வாயைப் பிளந்துகொண்டு என் மடியில் உட்கார்ந்திருப்பாய், அவள் அடுக்களைக்குள் போய்விடுவாள். வண்டிக் கதை பிடிக்கவில்லை, பயம் என்று உன்னிடம் சொல்வேன்.

உன் அம்மா எப்போதும் என் வலது பக்கமாக வந்து நின்றுதான் பேசுவாள், கவனித்திருக்கிறாயா? எங்கே நின்றாலும் சுற்றிக்கொண்டு வருவாள். நான் "என்ன?" என்று ஒருதடவை திருப்பிக் கேட்டால் அன்றைக்கு முழுவதும் முகம் வாடிப்போகும். அதனால்தான் அவள் பேசுவதை மட்டும் நான் ஒரே தடவையில் கேட்டுவிடுவேன். கேட்காவிட்டாலும் கேட்ட மாதிரி தலையாட்டிவிடுவேன். இதை எழுதும்போது அவள் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டாள். இது தெரியாது போலிருக்கிறது.

நேற்று மாலை இங்கே வந்தேன். உன் அப்பா கடைக்குப் போயிருந்தார். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். உன் இரண்டு கடிதத்தையும் கையில் கொடுத்துவிட்டு நின்றேன். அவள் முழுவதும் படித்தாள். கடைசி வரியை, நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நீ எழுதியிருக்கிற வரியை, படித்துவிட்டுக் கடிதத்தை நாலாக மடித்தாள். துணியையும் அதையும் ஒரே மாதிரி மடித்தாள். "உன் கதையெல்லாம் என் கதைன்னு சொல்லிச் சொல்லி, உன் பொண்ணையே அதே திருப்பத்துக்கு அனுப்பிட்டேன்க்கா" என்றேன். திட்டுவாள், அழுவாள், இனிமேல் இந்தப் படி ஏறாதே என்பாள் என்று எதிர்பார்த்துக் கதவுப் பக்கமாகவே நின்றேன்.

அவள் கேட்டது என்ன தெரியுமா? "சீட் எவ்வளவு உயரம்?"

எனக்குப் புரியவில்லை. நிஜமாகவே காது கேட்கவில்லை என்று நினைத்து வலது பக்கத்தைத் திருப்பினேன். "ரெண்டு வண்டிக்கும் சீட் எவ்வளவு உயரம்னு கேக்குறேன். இவளுக்கு ரெண்டு காலும் தரையில முழுசா ஊணுமா? நீ சீட்டுத் தைக்கிறவன்தானே, தெரியாதா?" என்றாள். வாண்டு, அந்தக் குரலை நான் இருபத்தேழு வருஷமாகக் கேட்கவில்லை. ரொட்டித் தட்டை இறுக்கிப் பிடி என்று சொல்கிற குரல். சிவப்புக்கு எண்ணூறு மில்லிமீட்டர், சாம்பலுக்கு எழுநூற்று எழுபது என்றேன். பொய் கலக்காமல் ஒரு எண்ணைச் சொல்வது எவ்வளவு சுலபமாக இருக்கிறது.

இனி வருவது அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுவது. என் சொந்தச் சரக்கு எதையும் சேர்க்கவில்லை.

"முதல்ல தலைக்கு வாங்கு. மிச்சத்துல வண்டி வாங்கு. கடைக்குப் போறப்போ அந்த வரிசை மாறக்கூடாது." ஹெல்மெட் முகம் முழுக்க மூடுவதாக, தர முத்திரை உள்ளதாக இருக்க வேண்டும். யாரோ போட்டுக் கழற்றியது வேண்டாம், உள்ளே அடிபட்டிருந்தால் வெளியே தெரியாது. போட்டுக்கொண்டு தலையை ஆட்டினால் கன்னமும் சேர்ந்து ஆட வேண்டும், ஹெல்மெட் மட்டும் தனியாக ஆடினால் பெரிது. முதலில் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும். தாடை வாரைப் போட்டு மாட்டாவிட்டால் அது ஹெல்மெட் இல்லை, சட்டி.

அடுத்தது கையுறை. விழும்போது யாராக இருந்தாலும் முதலில் கையைத்தான் ஊன்றுவார்கள். "அவ ஊசி குத்துற கை. அந்தக் கையை வெச்சுத்தான் அவளுக்குச் சோறு" என்று எழுதச் சொல்கிறாள். அப்புறம் கணுக்கால் மூடுகிற ஷூ. ஆஸ்பத்திரிச் செருப்போடு ஏறாதே, பையில் போட்டுக்கொண்டு போ.

வண்டியில் டீச்சருடையதைப் பார். விடியற்காலையில் முன்கூட்டிச் சொல்லாமல் போ. எஞ்சினைத் தொட்டுப் பார்த்தால் சில்லென்று இருக்க வேண்டும். சூடாக இருந்தால், நீ வருவதற்கு முன்னாலேயே உதைத்து உதைத்து உயிர் கொடுத்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஹேண்டில் நுனியிலும் கால் வைக்கிற கம்பியிலும் சிராய்ப்பு இருக்கிறதா பார், விழுந்த வண்டி அதை மறைக்க முடியாது. டயருக்கும் பிரேக்குக்கும் ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு போ. சீட்டை அழுத்திப் பார்க்கிற யோசனை மட்டும் நல்லது என்றாள். என் இருபத்து மூன்று வருஷத்துக்கு இன்றைக்குத்தான் பாராட்டு கிடைத்தது, அதனால் அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

ஜாக்கெட்டை அவளிடம் காட்டினேன். தையலை இழுத்துப் பார்த்துவிட்டு, தோளில் இன்னொரு வரிசை ஓட்டச் சொன்னாள். இது நிஜமான கவசம் இல்லை, அடுத்த சம்பளத்தில் முறையான ஒன்று வாங்க வேண்டும், அதுவரைக்கும் இதுவாவது தோலைக் காக்கும் என்று தெளிவாக எழுதச் சொல்கிறாள். எழுதிவிட்டேன். ஆனால் பார்வைக்கு ரொம்ப அழகாக இருக்கிறது, அதை நானே சேர்த்துக்கொள்கிறேன். பார்சல் வருகிறது.

ஜிம் மாஸ்டரிடம் வேண்டாம் என்று சொல்ல உனக்குக் கூச்சமாக இருந்தால், அம்மா விடவில்லை என்று சொல்லு. இந்தத் தடவை அது உண்மை.

என் மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும். நான் உன்னை வாய்க் கதையில் வளர்த்தேன். அந்தக் கதையில் ஓட்டினவளை மட்டும் மாற்றிப் படித்துக்கொள், மற்றபடி எல்லாம் அப்படியே பொருந்தும். நான் சொன்னதைவிட அவள் நன்றாகவே ஓட்டினாள்.

கடிதத்துக்குள் ஒரு நீல நூல் வைத்திருக்கிறேன், கீழே போட்டுவிடாதே. சீட் தைக்கிற நைலான் நூல், நீளாது சுருங்காது. இரண்டு முடிச்சு போட்டிருக்கிறேன். முடிச்சுக்கு முடிச்சு ஒரு தலை அளவு. உன் தலை இல்லை. கடிதத்தை முடிக்கப் போகிற நேரத்தில் அக்கா என் பையிலிருந்து அளவு டேப்பை எடுத்து, புருவத்துக்கு மேலே தன் தலையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, "எவ்வளவுன்னு பாரு" என்றாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டால் டேப்பை எடுத்துவிடுவாள் என்று பயமாக இருந்தது. எண்ணை எழுதினால் நான் கூட்டி எழுதிவிடுவேன் என்று நூலிலேயே முடிச்சுப் போடச் சொன்னாள்.

ஆகவே இரண்டாவது ஹெல்மெட் இந்த அளவில். இப்போதே வேண்டாம், உனக்கு முடிகிறபோது. வண்டியில் என்ன ஹார்ன் இருக்கிறதோ அதுவே போதும், மாற்றாதே. நீ லீவில் வரும்போது, வீட்டு வாசலில் சாவியை உன் அம்மாவின் கையில் கொடு. அவள் வேண்டாம் என்பாள், இன்னொரு தடவை கொடு. நீ பின்னால் உட்கார், முன்பக்கம் பார்த்து. நான் தெருமுனையில் வலது காதைத் திருப்பிக்கொண்டு நிற்பேன்.

முழு உடம்போடு நல்லா இரு, கண்ணு.

வண்டி ஓட்டத் தெரியாத
உன் மாமா